தண்ணீர் ஏறினால் பாதை ஓடாது: நடக்கக்கூடிய நாளையை ஆங்கிலத்தில் சொல்வது

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் நாளையைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'ஆல்' இல்லாமல் பேசுவது அரிது. காற்று அடங்கினால் வலை போடலாம். உன்னிச்சைக் குளத்தின் வான்கதவைத் திறந்தால் வவுணதீவுப் பக்கம் வீதி மூழ்கும். முகத்துவாரத்தை வெட்டினால் வெள்ளம் வடியும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்த வாவி கடலோடு சேருவது பாலமீன்மடுவிலும் கல்லாற்றுப் பக்கத்திலும்தான். கோடையில் அந்த வாய்களில் மணல்மேடு வளர்ந்து அடைத்துக்கொள்கிறது. மாரியில் வெள்ளம் ஏறும்போது அதை வெட்டிவிட வேண்டியிருக்கிறது. எப்போது வெட்டுவது என்ற பேச்சு எழும்போது படுவான்கரை விவசாயியும் வாவியில் தொழில் செய்யும் மீனவரும் சொல்லும் நியாயம் ஒவ்வொன்றும் ஒரு நிபந்தனை வாக்கியம். இப்போது வெட்டாவிட்டால் வேளாண்மை அழுகிப்போகும். இப்போதே வெட்டினால் றால் கடலோடு போய்விடும்.

இத்தனை நுணுக்கமாக 'ஆல்' போட்டுப் பேசத் தெரிந்தவர்கள், ஆங்கிலத்தில் 'இஃப்' என்று தொடங்கியதும் தடுமாறுகிறார்கள். அறிவுக் குறைவு இதற்குக் காரணமே இல்லை. இரண்டு மொழிகளும் காலத்தை வாக்கியத்துக்குள் வெவ்வேறு இடங்களில் வைக்கின்றன. எந்த இடத்தில் எது வரும் என்று ஒருமுறை தெளிவாகக் கண்டுகொண்டால் தடுமாற்றத்தில் பெரும்பகுதி தீரும். இந்த இயல் அதற்குத்தான். நாளைக்கோ அடுத்த வாரமோ உண்மையாகவே நடக்கக்கூடியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். முதலில் வாயால் உரத்துச் சொல்லுங்கள். நாக்குப் பழகிய பிறகு ஆங்கில எழுத்தில் கொப்பியில் எழுதுங்கள். 'இஃப்' என்று சொல்லும்போது உதடு இரண்டும் மூடக் கூடாது. மேற்பல் கீழுதட்டில் தொட, காற்று வெளியே வரட்டும். 'இப்' என்று மூடினால் கேட்பவருக்கு முதற் சொல்லே பிடிபடாமல் போகும்.

எதிர்காலம் ஒரு பாதியில் மட்டும்

இஃப் இட் ரெயின்ஸ் டுமோரோ, த ஃபெரி வோன்ட் ரன்.
நாளைக்கு மழை பெய்தால் பாதை ஓடாது.

'பாதை' என்றால் இங்கே வாவியைக் கடக்கும் மிதவைப் படகு. வாக்கியத்தில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. 'இஃப்' தொடங்கும் பாதி நிபந்தனையைச் சொல்கிறது, மற்றப் பாதி விளைவைச் சொல்கிறது. 'டுமோரோ' என்று நாளையின் பெயரே நிபந்தனைப் பாதியில் இருந்தும் அங்குள்ள வினை நிகழ்காலத்தில் நிற்பதைப் பாருங்கள்: 'ரெயின்ஸ்'. எதிர்காலத்தைக் காட்டும் 'வில்' விளைவுப் பாதியில் மட்டும் வருகிறது. இங்கே மறுப்போடு சேர்ந்து 'வோன்ட்' ஆகியிருக்கிறது. இந்த ஒரு அமைப்பே இயலின் முதுகெலும்பு.

நாளைக்குப் பெய்யும் மழையை ஏன் நிகழ்காலத்தில் சொல்ல வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. தமிழைப் பார்த்தால் பதில் கிடைக்கும். 'பெய்தால்' என்பதைப் பிரித்தால் 'பெய்த்' என்ற இறந்தகால உருவோடு 'ஆல்' சேர்ந்திருப்பது தெரியும். ஆனாலும் 'நாளைக்கு மழை பெய்தால்' என்று கேட்டு எவரும் நேற்றைய மழையை நினைப்பதில்லை. 'பெய்வால்' என்றொரு சொல் தமிழில் கிடையாது. நிபந்தனைப் பாதியில் எதிர்காலத்தை வைக்கும் வழக்கம் நமக்கும் இல்லை. நாம் இறந்தகால உருவை வைக்கிறோம், ஆங்கிலம் நிகழ்கால உருவை வைக்கிறது. எதிர்காலம் என்பதை இரண்டு மொழியிலும் விளைவுப் பாதிதான் காட்டுகிறது. ஆகவே 'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதுகிறவர் தமிழின் பழக்கத்தால் பிழைவிடவில்லை. எதிர்காலம் என்றாலே 'வில்' என்று மனனம் செய்ததால்தான் அந்தப் பிழை வருகிறது.

பாதிகளை இடம் மாற்றலாம். 'த ஃபெரி வோன்ட் ரன் இஃப் இட் ரெயின்ஸ் டுமோரோ' என்றாலும் அதே பொருள். 'இஃப்' முன்னால் வந்தால் நடுவில் காற்புள்ளி உண்டு, பின்னால் வந்தால் தேவையில்லை.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்களுக்கு விடைத்தாள்களில் நிறையப் புள்ளிகள் போகின்றன. ஒன்று, 'ரெயின்ஸ்' என்பதன் கடைசி 'ஸ்'. ஹீ, ஷீ, இட் அல்லது ஒற்றைப் பெயர் எதுவும் எழுவாயாக வந்தால் அந்த 'ஸ்' விடுபடக் கூடாது: 'இஃப் த பஸ் கம்ஸ்', 'இஃப் த விண்ட் ட்ராப்ஸ்'. மறுப்பில் அது 'டஸன்ட்' ஆகும்: 'இஃப் த பஸ் டஸன்ட் கம்'. மற்றது 'இட்'. 'மழை எண்டா பாதை ஓடாது' என்று நாம் எழுவாயைப் பற்றிக் கவலைப்படாமல் சொல்லிவிடலாம். ஆங்கில வாக்கியத்துக்கு ஓர் எழுவாய் இருந்தே ஆக வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் நேரத்துக்கும் அந்த இடத்தில் 'இட்' நிற்கும். 'இஃப் ரெயின், ஃபெரி நோ' என்றால் பொருள் புரிந்துவிடும், வேலைக்கு எடுக்க மாட்டார்கள்.

தலைகீழாகும் இடம்

உண்மையில் தமிழ்ப் பழக்கம் கெடுப்பது விளைவுப் பாதியை. நாம் வாக்குக் கொடுக்கும்போது பெரும்பாலும் நிகழ்காலத்தில் பேசுகிறோம். 'நீ வந்தா தாறன்.' 'நாளைக்குச் சொல்றன்.' 'கட்டாயம் வாறன்.' தருவேன், சொல்வேன், வருவேன் என்பவை மேடையிலும் எழுத்திலும் அதிகம், வீட்டில் குறைவு. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்குப் போகிறவர் 'ஐ கிவ்', 'ஐ டெல்', 'ஐ கம்' என்கிறார். பள்ளியில் படித்த 'வில்' நினைவுக்கு வரும்போது அதைக் கொண்டுபோய் நிபந்தனைப் பாதியில் வைத்துவிடுகிறார். கிடைப்பது இது:

இஃப் யூ வில் கம், ஐ கிவ் இட் டு யூ.

இரண்டு பாதியும் இடம் மாறி நிற்கின்றன. சரியானது:

இஃப் யூ கம், ஐ வில் கிவ் இட் டு யூ.

தமிழில் 'தாறன்', 'செய்றன்', 'எடுக்கிறன்' என்று நாளையைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் ஆங்கிலத்தில் 'ஐ வில்' வர வேண்டும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பேச்சில் அது 'ஐல்' என்று சுருங்கும். 'வீ வில்' 'வீல்' ஆகும். எழுதும்போது முழுதாக எழுதுவது நல்லது.

ஒரு துறையடி உரையாடல்

மண்முனைத்துறையில் 2014இல் பாலம் திறந்த பிறகு அங்கே பாதைக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகிறவர்களுக்குப் பாதைதான் குறுக்குவழி. அங்கே பாதை ஓட்டுகிறவரோடு ஓர் ஆசிரியை இப்படிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம்.

"அண்ணன், பின்னேரம் பாதை ஓடுமா?"
"காத்து அடங்கினா ஓடும் ரீச்சர்."
"அடங்காட்டி?"
"அடங்காட்டி பட்டிருப்புப் பாலத்தால சுத்தித்தான் போகணும்."
"சரி, ஓடினா எனக்கொரு கோல் எடுங்க."
"ஓம் ரீச்சர், எடுக்கிறன்."

இதே பேச்சை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்.

"வில் த ஃபெரி ரன் திஸ் ஈவினிங்?"
"இஃப் த விண்ட் ட்ராப்ஸ், இட் வில்."
"வாட் இஃப் இட் டஸன்ட்?"
"தென் யூ வில் ஹேவ் டு கோ ரவுண்ட் பை த பட்டிருப்பு பிரிட்ஜ்."
"ஓகே. ப்ளீஸ் கால் மீ இஃப் இட் ரன்ஸ்."
"ஷுவர். ஐ வில் கால் யூ."

'ஓடும்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு 'இட் வில்' போதும். 'ரன்' என்று மறுபடி சொல்ல வேண்டாம். 'அடங்காட்டி?' என்று நாம் பாதியில் நிறுத்திக் கேட்பதற்கு 'வாட் இஃப் இட் டஸன்ட்?' மிகப் பொருத்தம். இதை அப்படியே பாடமாக்கிவிடுங்கள். எத்தனையோ இடத்தில் உதவும். 'போகணும்' என்பதில் கட்டாயமும் எதிர்காலமும் சேர்ந்திருப்பதால் 'வில் ஹேவ் டு'. அண்ணன், ரீச்சர் இரண்டும் ஆங்கிலத்தில் விடுபட்டுவிட்டன. அறிமுகமில்லாதவரை உறவு சொல்லி அழைக்கும் வழக்கம் அந்த மொழியில் இல்லை. மரியாதையை 'ப்ளீஸ்' சுமக்கிறது.

இஃப் போடுவதா, வென் போடுவதா

இந்த இயலில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் இது. பாடப் புத்தகங்கள் இதை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. நமக்கோ இங்கேதான் உண்மையான சிக்கல்.

'விடிஞ்சா சோதினை.' 'மாரி வந்தா ஆறு பெருகும்.' 'சம்பளம் எடுத்தா காசு தாறன்.' மூன்றிலும் 'ஆல்' இருக்கிறது. ஆனால் விடியுமா விடியாதா என்ற ஐயம் யாருக்கும் இல்லை. மாரி வரும். சம்பளமும் மாத முடிவில் வரும். தமிழின் 'ஆல்' ஐயமுள்ள இடத்துக்கும் ஐயமே இல்லாத இடத்துக்கும் பொதுவாக வேலை செய்கிறது. ஆங்கிலத்தின் 'இஃப்' அப்படியில்லை. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று பேசுகிறவர் நினைக்கும்போதுதான் அது வரும். நிச்சயம் நடக்கப் போவதற்கு 'வென்'.

கடன் கொடுத்தவரிடம் போய் 'இஃப் ஐ கெட் மை சாலரி, ஐ வில் பே யூ' என்று சொன்னால், இவருக்குச் சம்பளமே கிடைக்காதோ என்று அவர் கலங்குவார். 'வென் ஐ கெட் மை சாலரி, ஐ வில் பே யூ' என்றால் அமைதியாகக் காத்திருப்பார். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கடைசி வருட மாணவி ஒருவர் பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் நேர்முகத்துக்குப் போகிறார் என்று வையுங்கள். 'இஃப் ஐ ஃபினிஷ் மை டிகிரி' என்று அவர் தொடங்கினால், முடிப்பாரோ மாட்டாரோ என்ற சந்தேகத்தை அவரே தன் வாயால் எதிரே இருப்பவரின் மனதில் போட்டுவிடுகிறார். அவர் சொல்ல நினைத்தது 'படிப்பு முடிஞ்சா உடன வாறன்' என்பதுதான். அதற்கு ஆங்கிலம் 'வென் ஐ ஃபினிஷ் மை டிகிரி, ஐ வில் ஜாயின் இம்மீடியட்லி'. இப்படி ஒரு சொல் மாறியதால் நல்ல பிள்ளைகள் தன்னம்பிக்கை இல்லாதவர்களாகத் தோன்றிவிடுவது எனக்கு வருத்தம் தரும் விஷயம். அவர்களின் ஆங்கிலத்தில் வேறு குறையே இருக்காது.

தீர்மானிக்க ஒரு வழி சொல்கிறேன். உங்கள் தமிழ் வாக்கியத்தின் பக்கத்தில் 'நடக்காமலும் போகலாம்' என்று வைத்துப் பாருங்கள். 'காத்து அடங்கினா பாதை ஓடும். அடங்காமலும் போகலாம்' பொருந்துகிறது, ஆகவே 'இஃப்'. 'விடிஞ்சா சோதினை; விடியாமலும் போகலாம்' பொருந்தவில்லை, ஆகவே 'வென்'. 'மண்டூர்த் திருவிழா வந்தா பாதையில நிக்க இடம் இருக்காது' என்பதையும் இப்படிச் சோதியுங்கள். திருவிழா ஆண்டுதோறும் வருவது. 'வென் த மண்டூர் ஃபெஸ்டிவல் கம்ஸ், தேர் வில் பி நோ ரூம் ஆன் த ஃபெரி.'

'வென்' போட்டாலும் காலத்தின் இடம் மாறுவதில்லை. அந்தப் பாதியில் நிகழ்காலம், மறுபாதியில் 'வில்'. 'அன்டில்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்', 'அஸ் ஸூன் அஸ்' எல்லாம் இதே வரிசையில் வருபவை. 'பாதை வந்த உடன கோல் எடுக்கிறன்' என்பது 'அஸ் ஸூன் அஸ் த ஃபெரி கம்ஸ், ஐ வில் கால் யூ'. 'மழை விடுமட்டும் இங்க இருப்பம்' என்பது 'வீ வில் ஸ்டே ஹியர் அன்டில் த ரெயின் ஸ்டாப்ஸ்'.

வழமையும் இந்த முறையும்

இந்த இயலின் தலைப்பைத் துறையடியில் பலகையாக எழுதி வைத்தால் அது ஒரு விதி. அதையே பாதை ஓட்டுகிறவர் இருண்ட வானத்தைப் பார்த்துச் சொன்னால், நாளைக் காலையைப் பற்றிய செய்தி. 'ஓடாது' என்பது இரண்டுக்கும் பொது. 'ஓடும்', 'காயும்', 'வடியும்' போன்ற 'உம்' வினைகளும் வழமைக்கும் வருங்காலத்துக்கும் சேர்த்தே உழைக்கின்றன. ஆங்கிலம் பிரித்துச் சொல்லும்:

இஃப் த வோட்டர் ரைஸஸ், த ஃபெரி டஸன்ட் ரன்.
இஃப் த வோட்டர் ரைஸஸ் டுநைட், த ஃபெரி வோன்ட் ரன் டுமோரோ.

முதலாவது விதி, இரண்டு பாதியும் நிகழ்காலம். பாடசாலையில் இதை 'டைப் ஸீரோ' என்பார்கள். இரண்டாவது, குறிப்பிட்ட ஓர் இரவையும் அதன் அடுத்த காலையையும் பற்றியது; 'டைப் ஒன்'. எந்த வகை என்று தெரியாவிட்டால் தமிழ் வாக்கியத்தில் 'எப்போதும்' என்ற சொல்லைச் சேருங்கள், பிறகு அதை எடுத்துவிட்டு 'இந்த முறை' என்று சேருங்கள். எது நீங்கள் சொல்ல வந்ததோ அதன்படி செல்லுங்கள். 'முகத்துவாரம் அடைபட்டுக் கிடந்தால் எப்போதும் தண்ணீர் ஏறும்': 'இஃப் த மவுத் ஸ்டேஸ் குளோஸ்ட், த வோட்டர் ரைஸஸ்.' 'இந்த முறையும் அடைபட்டுக் கிடந்தால் தண்ணீர் ஏறும்': 'இஃப் த மவுத் ஸ்டேஸ் குளோஸ்ட் திஸ் டைம், த வோட்டர் வில் ரைஸ்.'

விதியைச் சொல்லும்போது 'வில்' கலந்துவிட்டால் பெரிய பாதகமில்லை. ஆங்கிலேயரும் அப்படிப் பேசுவதுண்டு. மறுபக்கப் பிழைதான் உறுத்தும். நாளைய செய்தியைச் சொல்லும்போது 'வில்' விட்டுப்போனால் கேட்பவருக்கு நேர அட்டவணையை வாசிப்பதுபோல் இருக்கும்.

எவ்வளவு நிச்சயம்

'வில்' உறுதியான சொல். உறுதி இல்லாத இடத்தில் அதைப் போடுவது பொய் வாக்காகிவிடும். சுற்றுலாப் பயணிகளோடு பழகும் தொழிலில் இருப்பவர்கள் இதை நன்றாக உணர வேண்டும்.

பாடும் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்தின் அருகே, காற்றில்லாத நிலவு இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் அடியிலிருந்து ஓசை கேட்கும் என்பது இங்கே தலைமுறைகளாகச் சொல்லப்படுவது. புனித மிக்கேல் கல்லூரியில் இருந்த இயேசு சபைக் குருவான லாங் அடிகளார் அந்த ஓசையைப் பதிவும் செய்தார். அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. ஆனால் போகிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு இரவும் கேட்டுவிடுவதில்லை. வெளிநாட்டு விருந்தினரிடம் 'இஃப் யூ கோ டுநைட், யூ வில் ஹியர் த சிங்கிங் ஃபிஷ்' என்று சொல்லிக் காசு வாங்கினால், கேட்காதபோது அவர் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார். நேர்மையான வாக்கியம் இது:

இஃப் யூ கோ டுநைட், யூ மைட் ஹியர் த சிங்கிங் ஃபிஷ்.
இண்டைக்கு இரவு போனால் பாடும் மீன் கேட்கலாம்.

'கேட்கும்' என்றால் 'வில் ஹியர்'. 'கேட்கலாம்', 'கேட்கக்கூடும்' என்றால் 'மைட்' அல்லது 'மே'. 'பெரும்பாலும் கேட்கும்' என்றால் 'வில் ப்ராபப்லி ஹியர்'. தமிழில் இந்தப் படிகளை நீங்கள் ஏற்கெனவே சரியாகப் பயன்படுத்துகிறீர்கள். ஆங்கிலத்திலும் அந்தச் சரியைக் காப்பாற்றுவதுதான் வேலை. ஐயத்தைக் காட்டும் இந்தச் சொற்களும் விளைவுப் பாதிக்கே உரியவை. 'இஃப் யூ மைட் கோ' என்று நிபந்தனைப் பாதியில் வைக்க வேண்டாம். 'இஃப்' என்பதிலேயே ஐயம் இருக்கிறது.

வளிமண்டலவியல் திணைக்களம் மூன்று மொழியிலும் வெளியிடும் வானிலை அறிவிப்புகளை மாரிக் காலத்தில் அருகருகே வைத்து வாசியுங்கள். எங்கே உறுதியாகச் சொல்கிறார்கள், எங்கே 'கூடும்' என்று நிறுத்துகிறார்கள், அதற்கு ஆங்கிலப் பக்கத்தில் எந்தச் சொல் நிற்கிறது என்று பாருங்கள். செலவில்லாத நல்ல பயிற்சி.

ஆட்டி, ஆல்தான், ஆலும்

தமிழின் 'ஆல்' தனியாக நிற்பதைவிட வேறோர் ஒட்டோடு சேர்ந்து நிற்கும்போதுதான் அதன் வளம் தெரியும். முகத்துவாரத்தையே வைத்துப் பார்ப்போம்.

'வெட்டாட்டி வெள்ளம் வடியாது.' இதற்கு இரண்டு வழி உண்டு. 'இஃப் தே டோன்ட் கட் த சேண்ட்பார், த ஃப்ளட் வோன்ட் கோ டவுன்' என்றோ, 'அன்லெஸ் தே கட் த சேண்ட்பார், த ஃப்ளட் வோன்ட் கோ டவுன்' என்றோ சொல்லலாம். 'அன்லெஸ்' என்ற சொல்லுக்குள் மறுப்பு ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. ஆகையால் 'அன்லெஸ் தே டோன்ட் கட்' என்றால் வெட்டாமல் இருந்தால்தான் வெள்ளம் வடியும் என்று பொருள் புரண்டுவிடும். க.பொ.த. சாதாரண தர மாணவர்கள் இந்த இடத்தில் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்து எழுத வேண்டும்.

'வெட்டினால்தான் வடியும்.' 'த ஃப்ளட் வில் கோ டவுன் ஓன்லி இஃப் தே கட் த சேண்ட்பார்.' 'ஓன்லி இஃப்' பாதியைப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் மறுபாதியில் 'வில்' எழுவாய்க்கு முன்னே தாவ வேண்டிவரும். தொடக்கத்தில் அந்த வம்பு வேண்டாம். 'இஃப் ஓன்லி' என்று சொற்களை மாற்றிப் போட்டால் அது ஏக்கத்தைச் சொல்லும் வேறொரு வாக்கியம்.

'இண்டைக்கு வெட்டினாலும் வடிய நாலைஞ்சு நாள் செல்லும்.' 'ஈவன் இஃப் தே கட் த சேண்ட்பார் டுடே, இட் வில் டேக் ஃபோர் ஆர் ஃபைவ் டேஸ்.' நடுவில் 'பட்' சேர்க்க வேண்டாம்.

இன்னொரு அழகான தமிழ் வழக்கு உண்டு. 'குடையைக் கொண்டு போ மகள், மழை பெஞ்சாலும் பெய்யும்.' வினையை இரட்டித்து, பெய்யும் என்று உறுதி சொல்லாமலும் பெய்யாது என்று விட்டுவிடாமலும் ஓர் எச்சரிக்கையை வைக்கிறோம். ஆங்கிலத்தில் இதற்கு 'இன் கேஸ்':

டேக் அன் அம்ப்ரெலா இன் கேஸ் இட் ரெயின்ஸ்.

'இன் கேஸ்' என்பதற்குப் பின்னும் நிகழ்காலம்தான். அதை 'இஃப்' என்று மாற்றினால் பொருள் மாறும். 'டேக் அன் அம்ப்ரெலா இஃப் இட் ரெயின்ஸ்' என்பது மழை பெய்தால் மட்டும் குடை எடு என்ற கட்டளை. முன்னதில் மகள் வெயிலிலேயே குடையோடு புறப்படுகிறாள். பின்னதில் மழை தொடங்கும் வரை குடை வீட்டில் கிடக்கிறது.

கட்டளையும் வேண்டுகோளும்

விளைவுப் பாதியில் 'வில்' இல்லாமல் நேரடியாகக் கட்டளை வரலாம். உயிர் காக்கும் ஆங்கிலம் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 கடல்கோள் நாவலடியிலும் கல்லடியிலும் என்ன செய்தது என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கரையோர விடுதிகளில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் இந்த இரண்டு வாக்கியங்களும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும்:

இஃப் த சீ சடன்லி புல்ஸ் பேக், டோன்ட் கோ நியர் இட். ரன் டு ஹை கிரவுண்ட்.
இஃப் யூ ஹியர் த சைரன், லீவ் த பீச் அட் ஒன்ஸ்.

கடல் திடீரென்று உள்வாங்கினால் கிட்டப் போக வேண்டாம், மேட்டுக்கு ஓடுங்கள். சைரன் கேட்டால் உடனே கரையை விட்டு விலகுங்கள். நீளமான விளக்கம் எதுவும் அந்த நேரத்தில் பயன்படாது.

'இஃப்' பாதியில் 'வில்' வரவே கூடாது என்று சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு. 'இஃப் யூ வில் வெயிட் ஹியர், ஐ வில் கால் த மேனேஜர்' என்று வரவேற்பு மேசையில் கேட்கலாம். அந்த 'வில்' காலத்தைக் காட்டவில்லை. தயவுசெய்து இருக்கிறீர்களா என்ற விருப்பத்தைக் கேட்கிறது. பரீட்சையில் இதைப் பயன்படுத்த வேண்டாம்.

நடந்து முடிந்தவற்றுக்கும் இந்த அமைப்பு உதவாது. 1978 நவம்பர் 23 சூறாவளியைப் பற்றி 'முன்கூட்டியே தெரிந்திருந்தால்' என்று தொடங்கும் வாக்கியத்துக்கு வேறு அமைப்பு இருக்கிறது. அது பின்னால் தனி இயலாக வரும்.

பழகும் முறை

ஆங்கிலம் படிக்க வேண்டுமென்றால் தமிழில் நினைப்பதை நிறுத்த வேண்டும் என்று சில வகுப்புகளில் சொல்கிறார்கள். இந்தப் பாடத்தைப் பொறுத்தவரை நான் அதை ஏற்கவில்லை. மெதடிஸ்தப் போதகர் வில்லியம் ஓல்ட் 1814இல் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்த வாவிக் கரையில் ஆங்கிலம் கற்றவர்கள் இருந்திருக்கிறார்கள். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் அந்தக் கல்லூரியிலும் புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்தார், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார், யாழ் நூலைத் தமிழில் எழுதினார். ஒரு மொழி மற்றதற்கு இடைஞ்சலாக இருக்கவில்லை. வெட்டாட்டி, வெட்டினாத்தான், வெட்டினாலும், வெட்டினாலும் வெட்டுவாங்க என்ற நான்கையும் வேறுபடுத்தி அறியும் காது உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே நாளொன்றுக்கு வீட்டில் கேட்கும் 'ஆல்' வாக்கியங்களில் சிலவற்றைக் கேட்டபடியே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். மறுகா, 'நடக்காமலும் போகலாம்', 'இந்த முறை' என்ற இரண்டு சோதனைகளையும் செய்து ஆங்கிலமாக்குங்கள். வீட்டுப் பேச்சிலேயே தேவையான அத்தனை வகையும் வந்து விழும்.

கீழே உள்ளவற்றை விடையைப் பார்க்காமல் வாயால் சொல்லிப் பாருங்கள்.

1. மழை விட்டா வலை போடுவம்.
2. தைப்பொங்கல் வந்தா பெரியம்மா வீட்ட போவம்.
3. உப்புத் தண்ணி ஏறினா நெல் கருகும்.
4. பஸ் வராட்டி ஓட்டோவில வாறன்.
5. நேரத்தோட போனாத்தான் சீட் கிடைக்கும்.
6. நீங்க சொன்னாலும் அவர் கேட்கமாட்டார்.
7. மேசையில டோர்ச் வைங்க, கரண்ட் போனாலும் போகும்.

விடைகள்

1. 'இஃப் த ரெயின் ஸ்டாப்ஸ், வீ வில் காஸ்ட் த நெட்ஸ்.' மழை விடாமலும் போகலாம், ஆகவே 'இஃப்'.

2. 'வென் தைப்பொங்கல் கம்ஸ், வீ வில் கோ டு அவர் ஆன்ட்ஸ் ஹவுஸ்.' பொங்கல் வராமல் போகாது. பெரியம்மா, சின்னம்மா, மாமி, அத்தை எல்லோருக்கும் ஆங்கிலத்தில் 'ஆன்ட்' ஒன்றுதான்.

3. 'இஃப் சால்ட் வோட்டர் கெட்ஸ் இன், த பேடி டைஸ்.' எப்போதும் நடப்பது. இரண்டு பாதியும் நிகழ்காலம். இந்தப் போகத்தில் உங்கள் வயலுக்கு நேரக்கூடியதைச் சொல்வதானால் 'த பேடி வில் டை'.

4. 'இஃப் த பஸ் டஸன்ட் கம், ஐ வில் கம் பை த்ரீவீலர்.' 'வாறன்' என்பதைப் பார்த்து 'ஐ கம்' என்று எழுதியவர்கள் தலைகீழாகும் இடம் பற்றிய பகுதியை மீண்டும் வாசிக்கவும்.

5. 'யூ வில் கெட் அ சீட் ஓன்லி இஃப் யூ கோ ஏர்லி.' 'அன்லெஸ் யூ கோ ஏர்லி, யூ வோன்ட் கெட் அ சீட்' என்றாலும் சரி.

6. 'ஈவன் இஃப் யூ டெல் ஹிம், ஹீ வோன்ட் லிசன்.'

7. 'கீப் அ டோர்ச் ஆன் த டேபிள் இன் கேஸ் த பவர் கோஸ்.' இங்கே 'இஃப் த பவர் கோஸ்' என்று சொன்னால், கரண்ட் போன பிறகு இருட்டில் டோர்ச்சைத் தேடிக் கொண்டுவந்து மேசையில் வை என்றாகிவிடும்.